86 வயதில் 347 தகடுகள்: பிக்காசோவின் 1968 எட்சிங் வரிசை எப்படி உருவானது?

கேள்வி இதுதான்: பிக்காசோ 86 வயதில், ஏழு மாதத்துக்குள் 347 எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படம்) போட்டார் என்கிறார்களே, அது எப்படி முடியும்? அவற்றில் பாதியைப் பார்த்தால் பிரஷில் மை தொட்டு வரைந்தது போல இருக்கிறதே, அதை எட்சிங் என்று சொல்லலாமா?

இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதி, பக்கத்திலேயே பட்டறை வைத்திருந்த இரண்டு அச்சுக்காரர்களிடம் இருக்கிறது.

முதலில் கணக்கு. முதல் தகட்டில் வேலை தொடங்கியது 1968 மார்ச் 16. கடைசித் தகட்டின் தேதி அக்டோபர் 5. இடம், தெற்கு பிரான்சில் கான் நகருக்கு அருகே முஜேன் கிராமத்தில் இருந்த அவருடைய வீடு. மொத்தம் 204 நாட்கள். சராசரி போட்டால் ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் தகடு கூட வராது. ஆனால் அவர் சராசரியாக வேலை செய்யவில்லை. ஒரே நாளில் பல தகடுகள் முடிந்திருக்கின்றன, அவற்றுக்குத் தேதியோடு ரோமன் எண்ணும் போட்டு எது முதல், எது அடுத்தது என்று குறித்திருக்கிறார். மறுபக்கம், ‘பிக்காசோ, அவர் படைப்பு, அவர் பார்வையாளர்கள்’ என்று தலைப்புப் பெற்ற முதல் தகடு மார்ச் 16-இலிருந்து 22 வரை இழுத்தது. அது சுமார் 39 × 56 செ.மீ. அளவுள்ள பெரிய தகடு. ஆகவே ‘கிழவர் கிறுக்கித் தள்ளினார்’ என்ற பேச்சு பாதி உண்மை கூட இல்லை. கிறுக்கல் போல ஓடும் தகடுகள் உண்டு, நாள்கணக்கில் சுரண்டித் தேய்த்தவையும் உண்டு.

பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. ‘347’ என்பது வெறும் எண்ணிக்கை. ஒரு கதையையோ ஒரு கருவையோ வைத்துத் திட்டமிட்ட தொடர் அல்ல இது. சர்க்கஸ்காரர்கள், வாள் ஏந்திய மஸ்கட்டியர்கள், ஓவியனும் மாடலும், கூட்டிக்கொடுக்கும் கிழவி செலஸ்டினா, ரெம்பிராண்ட் காலத்து உடுப்பு அணிந்த பிரபுக்கள் என்று வருவார்கள், போவார்கள். நாட்குறிப்பைப் புரட்டுவது போல வரிசையாகப் பார்த்தால்தான் பிடிபடும். நாலைந்தை மட்டும் பிரித்தெடுத்துச் சட்டம் போட்டு மாட்டினால் அவை அநாதையாகிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது அச்சுக்காரர்கள். ஆல்டோ, பியேரோ குரோம்லின்க் என்ற சகோதரர்கள். இவர்களின் தந்தை ஃபெர்னான் குரோம்லின்க் பெல்ஜிய நாடக ஆசிரியர்; அவருடைய ஒரு நாடகத்துக்கும் பிக்காசோ 12 எட்சிங் போட்டிருக்கிறார். ஆல்டோ பாரிஸில் ரொஜே லக்கூரியேரின் பட்டறையில் தொழில் கற்றவர். பிரஷ் தீட்டலை அப்படியே அச்சாக்கும் சர்க்கரை அக்வாடின்ட் உத்தியை (கீழே விளக்குகிறேன்) பிக்காசோவுக்கு 1930-களில் கற்றுக்கொடுத்ததும் அதே லக்கூரியேர்தான். 1963-இல் சகோதரர்கள் ஒரு கையச்சுப் பிரஸ்ஸை முஜேனுக்கே கொண்டுவந்து பட்டறை போட்டார்கள்.

இதன் மதிப்பு, எட்சிங் தெரிந்தவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். ஒரு தகட்டில் வரைவதற்கு ஒரு மணி நேரம் என்றால், அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய வேலை அதைப் போலப் பல மடங்கு. தாமிரத் தகட்டை வெட்டி, விளிம்புகளை 45 டிகிரி சாய்வாக அரவி (இல்லாவிட்டால் பிரஸ்ஸில் காகிதத்தையும் ஃபெல்ட் துணியையும் அறுத்துவிடும்), மெருகேற்றி, எண்ணெய்ப் பசை எடுத்து, அமிலம் தாக்காத வார்னிஷ் பூச வேண்டும். வரைந்த பிறகு அமிலத்தில் இட்டு, கழுவி, மை ஏற்றி, துடைத்து, ஈரக் காகிதத்தில் சோதனை அச்சு எடுக்க வேண்டும். சோதனை அச்சு பார்க்காமல் அடுத்த திருத்தம் செய்ய முடியாது. தகடும் அச்சும் தபாலில் பாரிஸுக்கும் முஜேனுக்கும் போய் வந்துகொண்டிருந்தால் ஒரு தகட்டுக்கே வாரக்கணக்கு ஆகும். பக்கத்தில் பட்டறை இருந்ததால் தயாரான தகடு கைக்கு வந்தது, முடித்த தகட்டின் அச்சு காயும் முன் அடுத்ததில் கை வைக்க முடிந்தது. 347 என்ற எண்ணில் இந்த இருவரின் பங்கு பெரிது. பியேரோவின் தாடி வைத்த பக்கவாட்டு முகத்தை பிக்காசோ சில தகடுகளில் வரைந்தும் வைத்திருக்கிறார்.

அடுத்து, பிரஷ் விஷயம். சாதாரண எட்சிங்கில் தகட்டின் மேல் அமிலம் தாக்காத பூச்சைப் பூசி, ஊசியால் அதைக் கீறி, கீறின இடத்தை மட்டும் அமிலம் அரிக்க விடுவோம். அங்கே கோடு மட்டும்தான் கிடைக்கும். பிரஷ் தீட்டல் அப்படியே அச்சில் விழ வேண்டுமானால் தலைகீழாக யோசிக்க வேண்டும்: பிரஷ் பட்ட இடத்தில் மட்டும் பூச்சு விலக வேண்டும். அதற்குத்தான் சர்க்கரை.

செய்முறை இப்படி. கொதிநீரில் இனி கரையாது என்ற அளவுக்குச் சர்க்கரையைக் கரைத்து, ஆறியதும் ஏறக்குறைய சம அளவு இந்திய மை சேர்ப்பார்கள். மை வண்ணத்துக்காக மட்டும்; இல்லாவிட்டால் மின்னும் தாமிரத்தின் மேல் என்ன வரைந்தோம் என்றே தெரியாது. ஓரிரு துளி பாத்திரம் கழுவும் சோப்போ கருவேலம் பிசினோ சேர்த்தால் தகட்டில் சீராகப் பரவும். இந்தக் கலவையைப் பிரஷில் தொட்டு நேரே தகட்டில் வரையலாம். பிறகு காய விட வேண்டும். ஆனால் ஒட்டும் பதத்தில் நிறுத்த வேண்டும், முறுகக் காய விடக்கூடாது. அதன் மேல் வார்னிஷை டர்பண்டைன் சேர்த்து நீர்க்கச் செய்து, வரைந்தது அடியில் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் பூச வேண்டும். அது காய்ந்ததும் தகட்டை வெதுவெதுப்பான நீரில் மூழ்க வைத்தால், வார்னிஷின் நுண்ணிய துளைகள் வழியே நீர் உள்ளே போய்ச் சர்க்கரை ஊதும், மேலே இருக்கும் பூச்சைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்தால் பிரஷ் போன வழியெல்லாம் தாமிரம் பளிச்சென்று தெரியும்.

இங்கே நின்றுவிட்டு அமிலத்தில் போட்டால் கறுப்பு வராது. இது பலரும் தவறவிடும் இடம். அகலமாகத் திறந்த தாமிரத்தை அமிலம் ஒரே மட்டமாகக் குழி தோண்டிவிடும். அந்தக் குழியின் வழவழப்பான தரையில் மை நிற்காது, துடைக்கும்போது போய்விடும். ஓரங்களில் மட்டும் கறுப்புக் கோடு, நடுவில் சாம்பல் வெளி என்று அச்சாகும். எனவே திறந்த பரப்பில் சொரசொரப்பு வேண்டும். அதற்கு ரோசின் (பைன் மரப் பிசின்) பொடியை மெல்லிய தூசாகத் தகட்டின் மேல் படிய விட்டு, அடியிலிருந்து சூடு காட்டி ஒட்ட வைப்பார்கள். பரப்பில் ஏறக்குறைய பாதியை ரோசின் மூடியிருக்க வேண்டும். சூடு ஏறும்போது வெள்ளைத் தூசு சட்டென்று கண்ணாடி போலத் தெளியும். அந்தக் கணத்தில் நெருப்பை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் காட்டினால் துகள்கள் உருகி ஒன்றோடொன்று சேர்ந்து முழுப்பூச்சாகிவிடும், அமிலத்துக்கு வழியே இருக்காது. சூடு போதாவிட்டால் துகள் ஒட்டாமல் அமிலத்தில் மிதந்து போய்விடும். இதற்குத்தான் அக்வாடின்ட் என்று பெயர்.

அமிலத்தில் எவ்வளவு நேரம் என்பதுதான் கறுப்பின் அளவு. அமிலத்துக்குப் பதிலாகத் தாமிரத்தை அரிக்கப் பயன்படும் ஃபெரிக் குளோரைடின் புதிய கரைசலில் சில விநாடிகளுக்கு மெல்லிய சாம்பல், இரண்டு மூன்று நிமிடத்துக்கு நடுத்தரம், 15–20 நிமிடத்துக்கு நல்ல கறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கரைசலின் வெப்பம், அடர்த்தி, வயது எல்லாம் இதை மாற்றும் என்பதால் ஒரு துண்டுத் தகட்டில் படிப்படியாக நேரம் வைத்துச் சோதித்துப் பார்க்காமல் யாரும் இறங்குவதில்லை. ஃபெரிக் குளோரைடில் வண்டல் படியும். தகட்டை முகம் கீழாக வைக்காவிட்டால் வண்டல் கோடுகளை அடைத்துக்கொண்டு ஆழம் குறையும். நைட்ரிக் அமிலம் குமிழி விடும், குமிழியை இறகால் ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், புகையும் கெடுதல்.

(சென்னையில் இதைச் செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு: ஃபெரிக் குளோரைடைத் தேடி ஓவியக் கடைக்கு அலைய வேண்டாம். சர்க்யூட் போர்டு அரிக்க ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விற்பது இதேதான். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ரோசின் தூசு நெஞ்சுக்கு ஆகாது, காற்றில் அடர்த்தியாக இருக்கும்போது நெருப்புப் பட்டால் வெடிக்கவும் செய்யும். முகமூடி போட்டு, தூசு அடங்கிய பிறகே சூடு காட்ட வேண்டும்.)

சர்க்கரை உத்தியில் தவறு நடக்கும் இடங்கள் இன்னும் சில. சர்க்கரை முறுகக் காய்ந்தால் விரிசல் விடும், வார்னிஷ் அந்த விரிசலுக்குள் இறங்கிவிடும். வார்னிஷ் கனமாக இருந்தால் மணிக்கணக்கில் ஊறவைத்தாலும் எழும்பாது. தேய்த்தால் கூடவே நல்ல இடத்துப் பூச்சும் வரும். மிக மெல்லிசாக இருந்தாலோ வேண்டாத இடங்களில் அமிலம் ஊசிமுனைப் புள்ளிகளாக அரித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தகட்டில் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது. சுண்ணாம்புத் தூளும் அமோனியாவும் வைத்துத் தேய்த்து, நீர் ஊற்றினால் உடையாத ஒரே படலமாக வழிகிறதா என்று பார்ப்பார்கள். பசை இருந்தால் சர்க்கரைக் கலவை தாமரை இலைத் தண்ணீராக உருண்டு சுருங்கிக்கொள்ளும்.

பிக்காசோ செய்தது என்ன? பசை போகாத தகட்டையே வேண்டுமென்று எடுத்து அதில் சர்க்கரையால் வரைந்தார். 347 வரிசையில் இப்படிப் பல தகடுகள் இருக்கின்றன. பிரஷ் தீட்டல் அங்கங்கே பின்வாங்கி, துளித் துளியாகத் திரண்டு, அச்சில் சருமம் போலவோ ஈரச் சுவர் போலவோ ஒரு பரப்பு கிடைக்கிறது. எந்தப் பட்டறையிலும் மாணவனின் காதைத் திருகக் காரணமாகும் பிழை அது. பிழை எந்த இடத்தில் எப்படி வரும் என்று தெரிந்தவர்தான் அதை ஏவ முடியும்; எண்பது தாண்டிய கையின் தளர்ச்சி என்று அதைப் படிப்பவர்கள் தகட்டைப் பார்க்காமல் அச்சை மட்டும் பார்க்கிறார்கள்.

ரோசின் இல்லாமல் திறந்த தாமிரத்தை அரிக்க விடுவதும் அப்படித்தான், மேலே சொன்ன அந்த ‘ஓரம் கறுப்பு, நடு சாம்பல்’ விளைவை அவர் உருவங்களின் உடலுக்குப் பயன்படுத்தியிருக்கிறார். பூச்சு எதுவும் இல்லாமல் அமிலத்தையே பிரஷில் தொட்டுத் தீட்டியதும் உண்டு. சில இருண்ட தகடுகளில் வழி நேர் எதிர்: முதலில் பரப்பை அக்வாடின்டால் கறுப்பாக்கி, பிறகு சுரண்டியும் மெருகுக் கருவியால் தேய்த்தும் வெளிச்சத்தை வெளியே எடுப்பது. சுரண்டியின் அழுத்தம் கூடக் கூட அந்த இடம் வெளுக்கும். இது நேரம் தின்னும் வேலை. மேலே சொன்ன சராசரிக் கணக்கை உடைப்பது இந்தத் தகடுகள்தான்.

எல்லாமே சர்க்கரை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அதிகம் பேசப்பட்ட 25 தகடுகள், இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியன் ரஃபேலும் அவன் காதலி ஃபோர்னரீனாவும் கூடும் காட்சிகள், பெரும்பாலும் வெறும் கோட்டு எட்சிங்குகள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் இரண்டாம் வாரத் தொடக்கத்தில் முடிந்துவிட்டன. பெரும்பாலானவை 15 × 21 செ.மீ. அளவுதான். பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் (Ingres) இதே ஜோடியை 19-ஆம் நூற்றாண்டில் மிக அடக்கமாக, ஓவியத்தின் முன் அமர்ந்த நிலையில் தீட்டியிருந்தார். பிக்காசோ அங்கிருந்து எடுத்துக்கொண்டு அடக்கத்தை மட்டும் விட்டுவிட்டார். கலவியின் நடுவிலும் ரஃபேல் பிரஷையும் வண்ணத்தட்டையும் கீழே வைப்பதில்லை. போப் திரைக்குப் பின்னிருந்து எட்டிப் பார்க்கிறார், சில தகடுகளில் உள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார். ஒன்றில் கட்டிலுக்கு அடியில் மிக்கலாஞ்சலோ. 1968 டிசம்பரில் பாரிஸின் லூயிஸ் லெரிஸ் கேலரியிலும் சிகாகோ கலை நிறுவனத்திலும் முழு வரிசையும் ஒரே சமயத்தில் காட்சிக்கு வந்தபோது, பாரிஸில் இந்தப் பகுதியைத் தனியறையில் வைத்தார்கள்.

இவற்றை ஆபாசம் என்றோ முதுமையின் ஏக்கம் என்றோ ஒரு வார்த்தையில் முடிப்பவர்கள், பார்த்துக்கொண்டிருப்பவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த வரிசை முழுக்க யாராவது ஒருவர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்: கிழட்டுப் பிரபு, செலஸ்டினா, போப், குட்டையான ஒரு வயோதிகர். 1965 இறுதியில் வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து, அதன் பின் நெடுநாள் தூரிகையைத் தொடாமல் வரைதலிலும் அச்சிலும் இருந்தவர் பிக்காசோ. செயலைவிடப் பார்வைதான் இங்கே கரு என்று எனக்குத் தோன்றுகிறது.

அச்சைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று போதும். அக்வாடின்ட் கறுப்பு, லூப்பில் கறுப்பாக இருக்காது: நுண்ணிய வெள்ளைத் தீவுகளைச் சுற்றி ஓடும் கறுப்பு வலை. ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் ஒரு ரோசின் துகள் காத்துக்கொடுத்த இடம். புள்ளிகள் ஒழுங்கின்றி, அளவு மாறி இருக்கும். கட்டம் கட்டியது போல வரிசையாக இருந்தால் அது புகைப்பட அச்சு. எட்சிங் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே அகலம், முனை மொட்டை. அமிலமின்றித் தகட்டை நேரே ஊசியால் கீறும் டிரைபாயின்டில் கோட்டின் ஓரம் வெல்வெட் போலக் கசியும்; கீறும்போது எழும்பும் தாமிரப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. தகட்டின் விளிம்பு காகிதத்தில் பதிந்த பள்ளமும் நான்கு பக்கமும் இருக்க வேண்டும்.

தேதி பல அச்சுகளில் கண்ணாடி எழுத்தாகத் தெரியும். தகட்டில் நேராக எழுதினால் அச்சில் இடவலம் மாறும், அவர் பல சமயம் அதைப் பொருட்படுத்தவில்லை. படமும் அப்படியே: வலக்கையில் வாள் கொடுத்து வரைந்த மஸ்கட்டியர் அச்சில் இடக்கைக்காரராக நிற்பார்.

வாங்குவது, சரிபார்ப்பது பற்றியும் கேட்பவர்கள் உண்டு, அதனால் சுருக்கமாக. ஒவ்வொரு தகட்டிலும் 50 எண்ணிட்ட பிரதிகள், அவற்றுக்கு அப்பால் கலைஞருக்கென ஒதுக்கிய 17 பிரதிகள். 347-ஐ 67-ஆல் பெருக்கினால் 23,249 தாள்கள். குரோம்லின்க் சகோதரர்கள் கையால் மை துடைத்து எடுத்தவை. பிரதிகள் இவ்வளவோடு நிற்பதற்கு வணிகக் காரணம் மட்டுமல்ல, தொழில் காரணமும் உண்டு. அக்வாடின்டின் நுண்மேடுகள் தாமிரத்தில் சீக்கிரம் தேயும், மெல்லிய சாம்பல்தான் முதலில் போகும். எண்ணிட்ட பிரதிகளில் பென்சில் கையெழுத்தும் எண்ணும் படத்துக்குக் கீழே இருக்கும். பதிப்பாளர் லூயிஸ் லெரிஸ் கேலரி. ஜார்ஜ் பிளாக் தொகுத்த பட்டியலில் இவை 1481 முதல் 1827 வரை, பிரிஜித் பேயரின் பட்டியலில் 1496 முதல் 1842 வரை. விற்பவர் இந்த எண்ணைச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். எண் கிடைத்ததும் தகட்டின் அளவு, தேதி, உத்தி மூன்றையும் ஒத்துப் பாருங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் எச்சரிக்கை. செலஸ்டினா தொடர்பான 66 சிறு தகடுகளை, ஃபெர்னாண்டோ தெ ரோஹாஸ் எழுதிய அந்தப் பழைய ஸ்பானியக் கதையின் 1971 பதிப்புக்கும் பயன்படுத்தினார்கள். நூலிலிருந்து பிரித்தெடுத்த தாள்கள் இன்றும் சந்தையில் சுற்றுகின்றன. தகடு அதேதான், எட்சிங்கும் அசல்தான். ஆனால் தாள் வேறு, தனித்தனிக் கையெழுத்தும் 50-க்குள் எண்ணும் கிடையாது. விலையும் அதற்கேற்பப் பல மடங்கு குறைய வேண்டும். அந்தத் தாளில் பென்சில் கையெழுத்து இருந்தால், அது எப்போது, யார் போட்டது என்று கேட்பது நியாயம். இதற்குப் பின் 1970-க்கும் 1972-க்கும் இடையில் பிக்காசோ செய்த 156 தகடுகள் வேறு வரிசை. அவர் 1973 ஏப்ரலில் இறந்த பிறகே அவை வெளிவந்தன என்பதால் அவற்றில் இருப்பது கையெழுத்து முத்திரை. அவற்றில் ஒன்றைப் பென்சில் கையெழுத்தோடு யாராவது நீட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.